இரும்புக்கு இருந்த எண்

2018 டிசம்பர் கடைசியில், கொல்கத்தா கார்டன் ரீச்சில் உள்ள நேதாஜி சுபாஷ் டாக்கில் தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. சேற்றோடு நீண்ட இரும்புப் பொருளொன்று மேலே வந்தது. வேலையை நிறுத்தினார்கள். துறைமுக அதிகாரிகளும் போலீசும் கடற்படையினரும் வந்து பார்த்தார்கள். விமானத்திலிருந்து போடும் வெடிகுண்டு. எடை சுமார் 1,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 450 கிலோ. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சரக்கு.

கல்கத்தாவில் குண்டு போட்டது ஜப்பான் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சேற்றில் கிடந்த குண்டு அமெரிக்கத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்றே வந்தவர்கள் கருதினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. அப்போது கிங் ஜார்ஜ் டாக் என்று பெயர்பெற்றிருந்த இந்தத் துறையின் ஒரு பகுதியை 1944இல் அமெரிக்க இராணுவத்தின் துறைமுகப் பிரிவுகள் நடத்தின. குண்டும் பெட்ரோலும் எஞ்சினும் இங்கே இறங்கி, ரயிலிலும் ஆற்றுப் படகிலும் அஸ்ஸாம் போய், அங்கிருந்து மலைகளுக்கு மேலே பறந்து சீனா போயின. யார் கையிலிருந்தோ நழுவிய ஒரு குண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரடியில் கிடந்திருக்கிறது. நாட்டையும் காலத்தையும் உடனே ஊகிக்க முடிந்ததென்றால், இரும்பு தன் பிறப்பைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது என்பதுதான் காரணம். அளவு, வடிவம், அச்சு, எண் என்று எல்லாவற்றையும் போர் தன் பொருள்களின் மேல் எழுதி அனுப்புகிறது.

போர்க்காலத்தில் விழுந்து காணாமற்போன விமானங்களைத் தேடுகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் குண்டு என் நினைவுக்கு வருகிறது. பசிபிக் தீவுகளின் சதுப்புகளிலும் அருணாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளிலும் மலேசியக் காடுகளிலும் அவர்கள் அலைகிறார்கள். வீரக் கதைகளாக அவை நமக்குச் சொல்லப்படுகின்றன. அட்டையும் மழையும் செங்குத்துப் பாறையும் அந்தக் கதைகளில் உண்டு. அவற்றின் நடுவே இருக்கும் சாதுவான ஒரு பொருளை நாம் கவனிப்பதில்லை. அது ஒரு குமாஸ்தாவின் பதிவேடு.

*

கல்கத்தாவின் மேல் முதல் குண்டு விழுந்தது 1942 டிசம்பர் 20 இரவு. பர்மா அதற்கு முன்பே ஜப்பான் வசம் போயிருந்தது. அங்கிருந்து வந்த விமானங்கள் அந்த மாதக் கடைசி வரை இரவுகளில் திரும்பத் திரும்ப வந்தன. சேதம் பெரிதாக இல்லை. பீதி பெரிதாக இருந்தது. லட்சக்கணக்கானோர் ஹவுரா பாலத்தைக் கடந்து ஊர்களுக்கு ஓடினார்கள். இருட்டில் விமானத்தைக் கண்டுபிடிக்கும் ராடார் பொருத்திய போஃபைட்டர் விமானங்கள் ஜனவரியில்தான் டம்டம் விமானதளத்துக்கு வந்து சேர்ந்தன. வந்ததும் 1943 ஜனவரி 15 இரவு பிரிங் என்ற பிரிட்டிஷ் விமானி நான்கு நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார். மூன்றும் மிட்சுபிஷி கி-21 ரகக் குண்டுவீச்சு விமானங்கள். நான்கு நாள் கழித்து குரோம்பி என்ற ஆஸ்திரேலிய விமானி, தன் எஞ்சின் ஒன்று தீப்பிடித்து எரியும்போதே சண்டையிட்டு, பிறகு பாராசூட்டில் குதித்துத் தப்பினார்.

இந்த விமானங்கள் விழுந்தது வங்காளத்தின் வண்டல் மண்ணில். பாறை நிலத்தில் விழுந்த விமானம் சிதறி மேலே கிடக்கும். கழிமுகச் சேற்றிலோ, கனமான எஞ்சின் தன் வேகத்திலேயே ஆழத்துக்குப் போய்விடும். அலுமினியத் தகடுகள் மட்டும் மேலே தங்கும். தகடுகளை ஊர் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். போர் நடந்த எல்லாத் திசைகளிலும் விழுந்த விமானத்தின் அலுமினியம் சட்டியாகவும் கரண்டியாகவும் உருமாறியிருக்கிறது. அடுத்த வெள்ளம் ஒரு படலம் வண்டலைப் போர்த்தும். அதன் மேல் நெல் விளையும்.

பிரிங் அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று பகல் தாக்குதலை எதிர்கொள்ளப் பறந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். பவானிபூர் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல் உண்டு, பெயர் உண்டு, பெற்ற பதக்கமும் பெயரின் பின்னால் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த டிசம்பர் 5க்குத் திரும்ப வருகிறேன்.

*

விழுந்த விமானத்தை எப்படி இனங்காண்கிறார்கள்?

1942 ஜூன் மாதம் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஒன்றான அகுட்டானில் ஒரு ஜப்பானிய ஜீரோ போர் விமானம் அடிபட்டு இறங்கியது. புல்வெளி என்று விமானி நினைத்த இடம் சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ, விமானி கோகா அங்கேயே இறந்தார். ஒரு மாதம் போல ஆளில்லாத் தீவில் கிடந்த விமானத்தை அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று தற்செயலாகப் பார்த்தது. 4593 என்ற அதன் தயாரிப்பு எண்ணிலிருந்து, தொழிற்சாலையை விட்டு வந்து சில மாதங்களே ஆன புது விமானம் என்பது தெரிந்தது. அதைச் செப்பனிட்டுப் பறக்கவிட்டு ஜீரோவின் பலவீனங்களைக் கற்றுக்கொண்டார்கள். இங்கே விழுந்த விமானத்தை அடையாளம் கண்டது இறந்தவரைக் கௌரவிப்பதற்காக அன்று. எதிரியைப் படிப்பதற்காக. 

மனிதரைத் தேடிய வழக்கு ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சபுவாவுக்குக் கிளம்பிய அமெரிக்க பி-24 விமானம் ஒன்று, மோசமான வானிலையில் எட்டுப் பேருடன் மறைந்தது. கார்டன் ரீச்சில் இறங்கிய சரக்குகள் பறந்த அதே மலைப்பாதை. அந்த விமானத்துக்கு அதன் ஆட்கள் வைத்திருந்த செல்லப் பெயர் 'ஹாட் அஸ் ஹெல்'. 2006இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்க மலையேறி அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ கிராமத்துக்கு மேலேயுள்ள மலையில் சிதைவுகளைக் கண்டார். வழிகாட்டியவர்கள் உள்ளூர் ஆதி இன மக்கள். மலைக்காரருக்கு 'காணாமற்போன விமானம்' என்று எதுவும் இல்லை. அது கிடக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். யாருடையது என்பது மட்டும் தெரியாது.

யாருடையது என்பதற்கான விடை அமெரிக்காவில், ஒரு கோப்பில் இருந்தது. 1943 நடுவிலிருந்து அமெரிக்க விமானப்படை, திரும்பாத ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அறிக்கை எழுதியது. கிளம்பிய இடம், போகவிருந்த இடம், வானிலை, கடைசியாகப் பார்த்தவர், விமானத்தின் எண், ஒவ்வோர் எஞ்சினின் எண், ஒவ்வோர் இயந்திரத் துப்பாக்கியின் எண், உள்ளேயிருந்தவர்களின் பெயர், வீட்டு முகவரி, நெருங்கிய உறவு என்று எல்லாம் அதில் இருக்கும். மலையில் கிடக்கும் தகட்டில் நாலைந்து இலக்கம் தெரிந்தால் போதும். கோப்பைத் திறந்து எட்டுக் குடும்பங்களைத் தேடிப் போகலாம். 2016இல் எலும்பு மிச்சங்கள் டெல்லியிலிருந்து முறைப்படி அமெரிக்காவுக்குப் போயின. மறு ஆண்டு லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு ஜார்ஜியா மாநிலத்திலுள்ள தன் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

மலேசியாவிலும் இப்படித்தான். கொக்கோஸ் தீவிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் ஒன்று, காட்டிலிருந்த கொரில்லாக்களுக்குப் பொருள் போடப் போன இடத்தில், 1945 ஆகஸ்ட் 23 அன்று நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்தது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து ஒரு வாரம் கடந்திருந்தது. கேஎல்654 என்ற எண்ணைக் கொண்டு எட்டுப் பேரையும் அடையாளம் கண்டு, 2012இல் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இவற்றையெல்லாம் விஞ்ஞானத்தின் வெற்றி என்று சொல்வார்கள். மரபணுச் சோதனையும் பல்லின் அமைப்பை ஒப்பிடுவதும் உதவுகின்றன என்பது உண்மை. ஆனால் மரபணுவை எதனோடு ஒப்பிடுவது? உறவினரின் மரபணுவோடு. உறவினர் யார்? கோப்பில் இருக்கிறவர். பல் யாருடையது? படையில் சேர்ந்த அன்று பல் மருத்துவர் வரைந்துவைத்த படம் சொல்லும். ஆகவே மனிதனை அடையாளம் காணும் வேலை அவன் விழுந்த பிறகு தொடங்குவதில்லை. அவன் கிளம்பும் முன்பே, யாரோ ஒருவர் பேனாவை எடுத்து அவன் பெயரை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

*

தமிழருக்குப் பழக்கமான ஒரு சம்பவத்திலும் இதே தர்க்கம்தான் செயல்பட்டது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்காள விரிகுடாவில் மறைந்தது. மாதக்கணக்கில் தேடியும் ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. வடிவம் ஏஎன்-32க்குப் பொருந்தியது. அரசின் அறிவிப்பில் இன்னொரு காரணமும் இருந்தது: அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. மூன்றரை கிலோமீட்டர் இருட்டுக்குள் சென்று எடுத்த படத்துக்குக்கூடக் கடைசிச் சாட்சி ஒரு பட்டியல்தான்.

இதற்கு நேர் எதிரான வழக்கு, கார்டன் ரீச் டாக்கின் இன்றைய பெயரிலேயே இருக்கிறது.

1945 ஆகஸ்ட் 18 அன்று தைவான் தீவின் தைஹோகு விமான நிலையத்தில், மேலெழும்பிய சில நொடிகளில் இடப்பக்க எஞ்சினின் விசிறி கழன்று ஒரு ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்தது. அதில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் தீக்காயங்களால் அன்றிரவு மருத்துவமனையில் இறந்தார் என்பது 1956இன் ஷா நவாஸ் குழுவும் 1974இன் கோஸ்லா ஆணையமும் ஏற்ற முடிவு. விமானம் மிட்சுபிஷி கி-21. பிரிங் கல்கத்தாவின் வானில் வீழ்த்திய அதே ரகம். கிங் ஜார்ஜ் டாக்கின் மேல் பறந்த ரகம் எதுவோ, அந்த ரக விமானத்தில் தன் கடைசிப் பயணத்தைச் செய்தார் என்று சொல்லப்படுபவரின் பெயரைத்தான் 1973இல் அந்த டாக் ஏற்றது.

விழுந்த இடம் காடோ கடலோ அல்ல. ஒரு நகரத்து விமான நிலையம். விமானத்திலிருந்து உயிரோடு மீண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான, போஸின் உதவியாளர் ஹபிபுர் ரஹ்மான் கடைசி வரை தன் சாட்சியத்தை மாற்றவில்லை. இருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு தீரவில்லை. ஏனென்றால் இங்கே பதிவேடு பொய்த்துவிட்டது. தைஹோகுவின் தகனப் பதிவில் போஸின் பெயர் இல்லை. இசிரோ ஓகுரா என்ற பெயர் இருந்தது. இரகசியம் காக்க வேறு பெயரில் எழுதினார்கள் என்கிறது ஒரு தரப்பு. ஓகுரா என்பவர் நெஞ்சுவலியால் இறந்த ஒரு ஜப்பானியச் சிப்பாய் என்றது 2005இல் அறிக்கை தந்த முகர்ஜி ஆணையம். விபத்தில் போஸ் இறக்கவில்லை என்றும் முடிவு சொன்னது. அந்த அறிக்கையை அரசு ஏற்கவில்லை. அந்த நாள்களில் அங்கே விமானம் விழுந்ததற்குத் தங்களிடம் ஆவணம் இல்லை என்று தைவான் சொல்லியிருந்தது. போஸ் உயிரோடிருக்கிறார் என்று ஐம்பதுகளில் மேடையேறிச் சொன்ன முத்துராமலிங்கத் தேவரை நம்பிய தமிழர் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகனப் பதிவில் பெயர் மாறியிருந்தால், சந்தேகிக்கும் உரிமை மக்களுக்கு வந்துவிடுகிறது. ரெங்கோஜி கோயிலில் உள்ள அஸ்தி யாருடையது என்று டோக்கியோவின் காற்றிடமா கேட்க முடியும்?

ஆக இரண்டு நிலைகளைப் பார்த்தோம். பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தால், இமயத்தின் சரிவிலிருந்தும் ஆள் வீடு திரும்புகிறான். பெயர் மாற்றி எழுதப்பட்டிருந்தால், நகர நடுவில் இறந்தவரும் இறக்க முடியாமல் திரிகிறார். மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. பெயரே எழுதப்படாத நிலை.

*

1943 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் ஜப்பானிய இராணுவத்தின் கி-21களும் கடற்படையின் ஜி4எம் குண்டுவீச்சு விமானங்களும், பாதுகாப்புக்குப் போர் விமானங்கள் சூழ, கல்கத்தாவுக்கு வந்தன. இலக்கு கிதிர்பூர் துறைமுகம்; கார்டன் ரீச்சை ஒட்டினாற்போல இருப்பது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆற்றோரத்து டாக்குகளில் மூட்டை சுமந்த கூலிகளே அவர்களில் பெரும்பாலோர். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம்மூர்க் கங்காணியைப் போன்ற சர்தார்களின் கீழே நாள்கூலிக்கு நின்றவர்கள். மீந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். போரின் தேவைக்குத் துறைமுகம் உடனே இயங்க வேண்டும் என்பதே அரசின் கவலையாக இருந்தது.

அந்த ஆண்டு வங்காளத்துக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்த பிணங்களை இந்து சத்கார் சமிதியும் அஞ்சுமான் மொபிதுல் இஸ்லாமும் அகற்றின. அந்தப் பிணங்களைப் பற்றி அறிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எரிப்பதா, புதைப்பதா? பெயர், ஊர், வயது எதுவும் வேண்டியிருக்கவில்லை. மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் உரித்தெடுத்த பிறகு மிஞ்சிய அடையாளம் மதம். மூன்று ஆண்டுக்குள், 1946 ஆகஸ்டில், இதே நகரம் உயிரோடிருந்த மனிதர்களையும் அந்த ஒரே அடையாளத்தால் பிரித்து வெட்டிக்கொண்டது. டாக்குகளை அடுத்த மட்டியாபுருஜின் தையற்காரத் தெருக்களுக்கும் டாக் குடியிருப்புகளுக்கும் அந்த நாள்கள் இன்னும் மறக்கவில்லை.

டிசம்பர் 5 அன்று இறந்த பிரிங்கின் கல்லறைக்கும் அன்று கூலி இறந்த டாக்குக்கும் நடுவே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். ஒருவர் பெயர் கல்லில் இருக்கிறது. உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்களும் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச்சுவரில் இருக்கின்றன. இந்திய விமானப்படையினர் பெயரும் அங்கே உண்டு. அன்று தாக்க வந்த விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்குக்கூடத் தொடர் எண் இருந்தது. மூட்டை சுமந்தவன் சர்தாரின் கணக்கில் ஒரு தலை.

இதைத் தமிழர் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை பிசகாமல் இருக்கின்றன. அதே சயாம்-பர்மா ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு இறந்த தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை; மொத்தமாகப் புதைத்த குழிகள் உண்டு. கைதிகளைவிட அதிக எண்ணிக்கையில் செத்தவர்கள் இவர்கள்தாம். 2023இல்தான் அங்கே அவர்களுக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது.

நடுகல் என்றதும் செங்கம் பகுதிக் கற்கள் நினைவுக்கு வருகின்றன. பல்லவர் காலத்துக் கல்லொன்றை எடுத்துப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் ஆநிரை கவர்ந்தபோது, யாருடைய சேவகன், என்ன பெயர், எப்படிப் பட்டான் என்று ஏழெட்டு வரிக்குள் எல்லாம் இருக்கும். அமெரிக்க விமானப்படையின் காணாமற்போனோர் அறிக்கையில் இருப்பவை ஏறக்குறைய இதே கேள்விகள்தாம். மாடு மீட்கச் செத்த ஒருவனுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் செய்து முடித்த வேலையை, பேரரசின் இரண்டாவது பெருநகரம் 1943இல் தன் துறைமுகத்தில் செத்தவர்களுக்குச் செய்யவில்லை. வசதி இல்லாததால் அல்ல. துப்பாக்கிக்கு எண் எழுதிய அதே காலம், அதே பேனா. எதை எண்ணுவது என்பதை அதிகாரம் முடிவுசெய்தது. எண்ணப்பட்டவை மட்டும் பின்னால் தேடப்படுகின்றன.

எனவே தீவுகளில் விமானம் தேடுகிறவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது மலையேறும் துணிச்சலை அல்ல. காகிதத்தின் மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை. 1943ஆம் ஆண்டிலேயே போர்க்காயங்களுக்கு இழப்பீடு தர முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்று இந்தியாவில் வந்தது. இழப்பீடு என்றால் மனு இருக்கும். மனு என்றால் கைநாட்டுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு பெயரை எழுதியிருப்பார்கள். சுடுகாட்டுப் பதிவு, கபரஸ்தான் பதிவு, மருத்துவமனைப் பதிவு என்று அந்த டிசம்பரைத் தேட வேண்டிய இடங்கள் பல. கொல்கத்தாவின் ஆய்வு மாணவர்களும் துறைமுக நிர்வாகமும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. நூறு பெயர் கிடைத்தால் நூறு, பத்து கிடைத்தால் பத்து. கிடைத்ததைக் கல்லில் எழுதி டாக்கின் வாசலில் வைக்கலாம்.

நம் பக்கத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், பாட்டியிடம் கேட்டு அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பலேறிய துறைமுகம், வேலை செய்த தோட்டம், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதித் தேதி போட்டு வையுங்கள். அவரை யாராவது தேடத் தொடங்கும் நாளில் முதலில் கேட்கப்படுபவை இவைதாம்.